அரை மணிக்கு ஒரு கேள்வி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துக்குப் பின்னால் இருக்கும் மலையில் மண் நகர்கிறதா என்று பார்க்க அரசாங்கத்து ஆட்கள் மூன்று கருவிகளை நட்டுவிட்டுப் போனார்கள். தோட்டத்து ஒபீசில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் அவற்றிடம் கேள்வி கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது.

வேலை என்னவோ லேசானதுதான். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது, பதிலுக்கு எத்தனை நொடி காத்திருப்பது, பதில் வராவிட்டால் எத்தனை தரம் திரும்பக் கேட்பது என்று மென்பொருளில் குறித்துவிட வேண்டும். மண் அளவுக்கு மேல் நகர்ந்தால் லயத்து ஆட்களின் போனுக்குத் தகவல் போகும்; உடனே எல்லோரும் கீழே ஸ்கூலுக்கு இறங்கிவிட வேண்டும். பட்டியலில் முதல் நம்பர் என் தங்கச்சியுடையது. பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அம்மா அவளோடுதான் இருந்தார். நான் கேகாலை டவுனில் அறை எடுத்துத் தங்கி பஸ்ஸில் வந்துபோனேன்.

நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்தேன். பெற்றவளாச்சே! மூன்று நாள் விடாமல் மழை பெய்ததும் மூன்று கருவிகளும் வாயை மூடிக்கொண்டன. அவற்றைப் பொருத்தியவரைப் போனில் பிடித்தேன். வெயில் இல்லாமல் சோலரில் சார்ஜ் ஏறாது, அடிக்கடி கேட்டால் பட்டரி இறங்கிவிடும், அரை மணிக்கு ஒருமுறை போதும் என்று சிங்களத்தில் சாவகாசமாகச் சொன்னார். மண் என்ன வெயிலிலா சரியும்? பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினேன்.

தங்கச்சியிடம் சொன்னேன். "அரை மணியா? அம்மாவ கம்பளியில கெடத்தி நாலு பேர் தூக்கி ஸ்கூலுக்கு எறக்கவே அவ்வளவு நேரம் ஆகுமேண்ணே" என்றாள்.

அந்த நேரத்தை எப்படியாவது மிச்சம் பிடிக்க வேண்டுமே என்று, மண் கொஞ்சம் அசைந்தாலே தகவல் போகும்படி அளவைக் குறைத்து வைத்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு எனக்கு.

அந்த மழைக்காலத்தில் ஐந்து தடவை தகவல் போனது. ஐந்து தடவையும் அம்மாவைச் சேற்றில் தூக்கிக்கொண்டு இறங்கி ஸ்கூல் தரையில் கிடத்தினார்கள். மலை விழவில்லை. மலையில் விழுந்திருந்த வெடிப்பு மட்டும் அகலமாகிக்கொண்டே போனது. வேறு இடத்தில் வீடு கேட்டு நாங்கள் எழுதிய மனு கிணற்றில் போட்ட கல்தான்.

ஒரு நாள் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, நனைந்த உடம்போடு தங்கச்சி ஒபீசுக்கே வந்தாள்.

"என் நம்பர எடுத்துருண்ணே."

"ஒனக்கென்ன பைத்தியமா?"

"அம்மாவுக்கு முதுகெல்லாம் புண்ணு. தூக்கும்போது அது கத்துறத நீ கேட்டதில்ல. தூக்க வர்றவங்களும் இப்ப மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. வர்றது வரட்டும், நாங்க வீட்டுலயே இருந்துக்குறோம்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அம்மாவை என்னோடு அனுப்பு என்றும் சொல்ல வேண்டும். என் அறையில் இன்னொரு கட்டில் போட இடமில்லைதான். ஆனால் அந்தச் சாக்கை நானே நம்பவில்லை. வெட்கமாக இருந்தது. அவளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், நான் அதைச் சொல்வேனோ என்று.

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அவள் நம்பரைத் தேடினேன்.