ரைட்டரக்காவுக்குப் பார்த்த வண்டி

அந்தக் கறுப்பு வண்டியைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போனது. நூற்றைம்பது சிசி, அகலமான டேங்க், முறுக்கினால் கடைக் கண்ணாடி அதிரும். ஏற்காட்டில் பழைய பைக் வாங்கி விற்கும் பாய் ஒருவரின் கடை அது. எங்கள் எஸ்டேட் ரைட்டரக்கா ஓட்டிப் பழகுவதற்கு ஒரு வண்டி பார்க்கத்தான் போயிருந்தோம். ரைட்டர் என்றால் காலையில் பேர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டுக்குக் காபி பறிக்கப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிறவர். அக்காவுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பள்ளிக்கூட நாளில் சைக்கிள் ஓட்டியதோடு சரி.

முதலாளி மஞ்சக்குட்டைப் பக்கம் இன்னொரு தோட்டம் வாங்கியிருந்தார். எங்கள் எஸ்டேட் இருக்கும் தலைச்சோலையில் ஏழு மணிக்குப் பேர் கூப்பிட்டுவிட்டு, எட்டு மணிக்குள் அங்கே போய் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. நான் ஓட்டும் ஜீப் ஆட்களை ஏற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: ஒரு மாதத்துக்குள் வண்டி பழகினால் அக்காவுக்கு வேலை, இல்லாவிட்டால் சேலத்திலிருந்து வேறு ஆள். பதினாறு வருடமாகப் பார்த்த வேலை அது. அக்காவின் வீட்டில் வேறு சம்பாத்தியமும் இல்லை.

வண்டி விஷயத்தில் என்னைக் கேட்காமல் எங்கள் எஸ்டேட்டில் ஒரு டயர்கூட மாறாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. மலைக்காரர்கள் நாங்கள் எந்த வண்டியைப் பார்த்தாலும் கேட்பது ஒன்றே ஒன்று. ஏறுமா? நிறம், மைலேஜ் எல்லாம் அப்புறம். கறுப்பு வண்டி ஏறும் என்று ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், முடிந்தது. பாய் மட்டும் தயங்கினார். "ஏனுங்க டிரைவர், அக்காவுக்குக் கால் எட்டுதான்னு பாருங்க. நொம்பக் கனமான வண்டி" என்றார். அக்கா உட்கார்ந்து பார்த்தார். சமதளத்தில் இரண்டு முன்பாதமும் தரையைத் தொட்டன. "எட்டுதுல்லங்க பாய், அப்புறமென்ன" என்று அவர் வாயை அடைத்தேன்.

காபி காயப்போடும் களத்தில் மூன்று நாள் நன்றாகத்தான் ஓட்டினார். நான்காம் நாள் மேட்டுக்குக் கூட்டிப்போனேன். பாதி மேட்டில் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டார், வண்டி நின்றுபோனது. பதறி மறுபடி கிளட்சைப் பிடித்ததும் பின்னால் உருண்டு, பாதைக்குக் குறுக்கே திரும்பிக்கொண்டது. அக்கா பள்ளத்துப் பக்கம் காலை ஊன்றப் போனார். அந்தப் பக்கம் தரை ஒரு சாண் கீழே இருந்தது. கால் அந்தரத்தில் துழாவியது, அவ்வளவுதான், அத்தனை கனமும் அவர் மேல் சாய்ந்தது. ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. கணுக்கால் வீங்கிப் பத்து நாள் படுத்துவிட்டார்.

"இந்த வயசுல அந்தம்மாவுக்கு வேண்டாத வேலைப்பா இது" என்றார் மேனேஜர் என்னிடம். வண்டியைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன்.

கெடுவுக்கு இரண்டு வாரம் இருந்தபோது அக்கா காலை இழுத்துக்கொண்டு மறுபடி பாய் கடைக்கு வந்தார். கடைக்குள் எந்த வண்டியிலும் உட்காரவில்லை. ஒவ்வொன்றாக வெளியே சரிவில் இறக்கச் சொல்லி, குறுக்கே நிறுத்தி, பள்ளத்துப் பக்கம் காலை ஊன்றிப் பார்த்தார். கடைசியில் டேங்க் நசுங்கிய ஒரு பழைய நூறு சிசி வண்டியில்தான் பாதம் முழுசாகப் பதிந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. "அக்கா, இது நம்ம மேட்டுக்கு மூச்சு வாங்குமுங்க" என்றேன்.

"ஏறலீன்னா எறங்கித் தள்ளிக்கறேன் தம்பி. மேல உழுந்தா நான் என்ன பண்றது?"

கறுப்பு வண்டியைப் பாயிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு வந்தோம்.

கெடு முடிந்த காலையில் அக்கா முன்னால் போனார். அன்று மட்டும் ஆட்களை ஏற்றாமல், பின்னால் ஜீப்பில் நானும் மேனேஜரும். கடைசி வளைவு மேட்டில் வண்டி திணறியது. அக்கா பதறாமல் காலை ஊன்றி இறங்கினார். எஞ்சினை அணைக்காமல் முதல் கியரிலேயே வண்டியோடு நடந்து மேட்டைக் கடத்திவிட்டு, மறுபடி ஏறிக்கொண்டார். எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே மஞ்சக்குட்டையில் பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"சேலத்து ஆளை வர வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார் மேனேஜர். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "சார், அன்னைக்கு உழுந்தது அக்கா தப்பில்லைங்க. அந்த வண்டிய எடுக்கச் சொன்னதே நான்தானுங்க" என்றேன்.

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "கால் வீங்கின அன்னைக்கே அந்தம்மாகிட்டக் கேட்டனேப்பா. 'டிரைவர் வேண்டாம்னுதான் சொன்னாரு, நான்தான் ஆசைப்பட்டு எடுத்தேன்'னுச்சு. இல்லாட்டி உன்னை அன்னைக்கே வேலைய விட்டு அனுப்பியிருப்பேன்."

தன் வேலை போக இருந்த நாளில் என் வேலையைக் காப்பாற்றியிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா இன்றும் அதே எஸ்டேட்டில்தான் பேர் கூப்பிடுகிறார். சொன்ன பொய்யைப் பற்றி என்னிடம் இதுவரை வாய் திறந்ததில்லை. தினமும் காலையில் அவரைப் பார்க்கிறேன், நன்றி சொல்ல எனக்கும் இன்னும் வாய் வரவில்லை.