ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு படிக்கட்டு

விமானங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இறக்கையைப் பற்றி எழுதுவார்கள், எஞ்சினைப் பற்றி எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது படிக்கட்டுதான். கைக்குழந்தையாக இருந்தபோது இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போனவள் நான். கேலிப்பர் என்கிற இரும்புச் சட்டத்தைத் தொடைவரை மாட்டிக்கொண்டு, கக்கத்தில் கட்டையை ஊன்றி நடக்கிறேன். பாதி வாழ்க்கைக்கு மேல் நம் நாட்டு விமான நிறுவனத்தின் விமானங்களில் ஏறி இறங்கியிருக்கிறேன். நடுவில் அதற்கு முதலாளி மாறினார்கள், பெயிண்டும் மாறியது. எனக்கு அது இன்னமும் நாட்டு விமானம்தான்.

மலைக்கோட்டைக்குக் கீழே எங்களுக்கு ஜவுளி மொத்த வியாபாரம். அப்பா போன பிறகு அண்ணன் கல்லாவில் உட்கார்ந்தான். கொள்முதலுக்கு யார் போவது என்ற பேச்சு வந்தது. பம்பாய், சூரத், அகமதாபாத் என்று அலைய வேண்டும். அண்ணனுக்கு வெளியூர்த் தண்ணீர் குடித்தாலே வயிறு கெட்டுவிடும். நான் போகிறேன் என்றேன். சித்தப்பா சிரித்தார்.

"நீ எப்படிம்மா போவ? கடைப் படி ஏறவே உனக்கு ஒரு ஆள் வேணும்."

"அந்த ஆளை நீங்கதான் அனுப்புறீங்க, நான் கேக்கலை. ரயில்ல ஏறி இறங்குறது கஷ்டம்தான். நான் பிளேன்ல போறேன்."

துணி வாங்கப் பிளேனா என்று கடைவீதி முழுக்கப் பேசினார்கள். பேசட்டும் என்று டிக்கெட் எடுத்தேன்.

அப்போது திருச்சியிலிருந்து மெட்ராசுக்குப் போனது ஒரு குட்டி விமானம். இரண்டு பக்கமும் புரொப்பல்லர், வால் பக்கம் கதவு, கதவுக்கு ஒரு சின்னப் படி. எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் "பிடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தோளைப் பிடித்தார். தட்டிவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உதவி செய்ய வந்தவரின் கோபத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொன்னால் நம்மைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். திமிர்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் 737 வந்தது. முன்கதவுக்கு அடியிலிருந்து தன் படியைத் தானே இறக்கிக்கொள்ளும். பார்க்க அழகு, ஏற நரகம். ஒடுக்கமான படி, கால் வைத்தால் அதிரும். கட்டையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மறு கையால் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஏறப் பழகினேன். ஜம்போ என்கிற 747இல் பம்பாயிலிருந்து ஒரே ஒரு தடவை வந்தேன். அதற்குள்ளேயே ஒரு மாடிப்படி இருந்தது. நீங்கள் மேலே போக வேண்டாம், சிரமம் என்றாள் பணிப்பெண். அதுவரை மேலே போகும் எண்ணமே எனக்கு இல்லை. அவள் அப்படிச் சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா? போய்ப் பார்த்தேன். அங்கேயும் நாற்காலிகள்தான் இருந்தன.

எனக்கு உயிர் என்றால் பழைய ஏ320தான். ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கி அதன் வயிற்றடியில் காத்து நின்றபோது, பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு சக்கரம் இருப்பதைக் கவனித்தேன். இதே மாடலை வெளிநாட்டு நிறுவனத்தின் வண்ணத்தில் பார்த்திருக்கிறேன், அதற்கு இரண்டுதான். பக்கத்தில் நின்ற எஞ்சினியரிடம் கேட்டேன்.

"நம்ம ஊர் ரன்வேக்களுக்காகக் கூடுதலா சக்கரம் போட்டு வாங்கினதுங்க. பாரத்தைப் பிரிச்சுக்கும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் கேலிப்பர் மாட்டிவிட்டிருக்கிறார்கள்! அது பறக்கவில்லையா? அதைப் பார்த்து யாராவது பாவம் என்றார்களா? அன்றிலிருந்து அந்த விமானம் வந்தால் எனக்கு உறவுக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். இப்போது அவை ஓய்வு பெற்றுப் போய்விட்டன. புதிதாக வருகிறவை எல்லாம் இரண்டு சக்கரத்தோடு வருகின்றன.

வயதானால் நல்ல காலும் தகராறு செய்யும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் இரண்டு காலின் வேலையைச் செய்த இடது கால் இப்போது திடீர் திடீரென்று மடங்குகிறது. ஸ்ரீரங்கத்தில் லிஃப்ட் உள்ள ஃபிளாட்டுக்கு மாறினேன். திருச்சி கே.கே. நகரில் இருக்கும் அண்ணன் அங்கே வந்து உட்கார்ந்தான்.

"இந்தத் தீபாவளிக் கொள்முதலுக்குப் பையன் போகட்டும். நீ கடையில வந்து உக்காரு, போதும்."

பையன் என்றது அவன் மகனை. நல்ல பிள்ளை. கடையின் ஆன்லைன் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறான். ஆனால் துணியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் போனில் பார்த்தே வாங்கிவிடுவான்.

"நான் போறேண்ணே."

"எங்கயாவது உன்னைத் தூக்கி ஏத்துற மாதிரி ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா அதோட நிறுத்திக்கிறேன். அப்புறம் அவன்தான் போகணும்."

வீராப்பில் சொல்லிவிட்டேன். அண்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அந்தக் கொள்முதல்தான் என் தொழில், என் ஊர் சுற்றல், என் மரியாதை எல்லாமே. அது போனால் கடையில் ஓரமாக உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லும் அத்தையாகிவிடுவேன்.

போகும்போது பிரச்சினை இல்லை. திருச்சியின் புதிய முனையத்தில் விமானத்தின் கதவுவரை பாலம் வந்துவிட்டது. திரும்பும்போதுதான் வினை. வடக்கே ஒரு விமான நிலையம், பெயர் வேண்டாம். எங்களைப் பஸ்ஸில் ஏற்றி, தூரத்தில் நின்ற விமானத்துக்கு அடியில் இறக்கினார்கள். உயரமான படிக்கட்டு. என்னைப் போன்றவர்களை ஏற்றும் லிஃப்ட் வண்டி வேறொரு விமானத்துக்குப் போயிருந்தது. வர நேரமாகும், அதுவரை விமானம் நிற்காது. சட்டையில் அட்டை குத்தியிருந்த இளைஞன் மரியாதையாகத்தான் சொன்னான். நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிவிடுவார்கள், ஒரு நிமிஷ வேலை என்றான். நான்கு பேரும் தயாராக வந்து நின்றார்கள்.

"வேண்டாம்" என்றேன். கம்பியைப் பிடித்து ஏறினேன். கொஞ்சம்தான் ஏறியிருப்பேன், இடது கால் மடங்கியது. கம்பியில் தொங்கினேன். நான்கு பேரும் ஓடி வந்தார்கள்.

அப்போது எனக்கு மலைக்கோட்டை ஞாபகம் வந்தது. பள்ளியில் தோழிகள் எல்லாரும் உச்சிப் பிள்ளையார் பார்க்கப் போனபோது என்னைக் கீழே செருப்புக்குக் காவல் வைத்தார்கள். அவர்கள் கண்ணிலிருந்து மறைந்ததும் நான் படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, மேல் படியில் உட்கார்ந்து, அப்படியே ஏறினேன். வழியில் ஒரு அம்மாள் என் மடியில் காசு போட்டார். அதை எடுத்து அவர் பின்னாலேயே எறிந்தேன். உச்சிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தோழிகள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நேராக நடந்து போனவர்கள் படியை மட்டும்தான் பார்த்திருந்தார்கள். நான் குகைப் படிகளைத் தாண்டியதிலிருந்து தெப்பக்குளத்தையும் காவிரியையும் ஸ்ரீரங்கம் கோபுரத்தையும் பார்த்துக்கொண்டே ஏறியிருந்தேன்.

ஓடி வந்த நால்வரையும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, காலை மடக்குவதற்காகக் கேலிப்பரின் முட்டிப் பூட்டைத் திறந்தேன். கட்டையை அந்த இளைஞனிடம் கொடுத்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாரையும் பார்த்தபடி விமானப் படியில் உட்கார்ந்தேன். கையை ஊன்றி ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் இரும்பு டங்கென்று அடித்தது. கீழே நின்றவர்களில் சிலர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். நான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே ஏறினேன். உள்ளங்கை எரிந்தது, மூச்சு வாங்கியது. வெட்கம் மட்டும் துளிகூட வரவில்லை.

மேலே சேர்ந்ததும் கைதட்டினார்கள். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. எதற்குக் கைதட்டல்? எனக்கு வேண்டியது லிஃப்ட் வண்டி. அதைக் கதவருகில் நின்ற பணிப்பெண்ணிடம் சத்தமாகவே சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் யாரோ எடுத்த வீடியோ எனக்கு முன்னால் வந்துவிட்டது. மறுநாள் காலையில் அண்ணனும் மகனும் ஸ்ரீரங்கத்துக்கு வந்தார்கள். அண்ணன் முகம் சிவந்திருந்தது.

"ஊரே பார்க்குது. பாவம் பாவம்னு எழுதியிருக்கான் ஒவ்வொருத்தனும். தூக்கிவிட்டா என்ன குறைஞ்சு போச்சு? இப்படித் தரையோட தரையா ஏறணுமா? குடும்ப மானமே போச்சு!"

"என்னைத் தூக்கினாங்களாண்ணே?"

அண்ணன் காப்பி டம்ளரைக் கையில் எடுத்தான்.

"சொல்லுங்க. யாராவது தூக்கினாங்களா?"

"இல்லை" என்றான், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

அண்ணன் மகனிடம் திரும்பினேன். "அந்த வீடியோவை நம்ம கடையோட ஃபேஸ்புக் பக்கத்துல போடு. கீழ எழுது, தீபாவளிச் சரக்கு வந்தாச்சுன்னு."

அவன் அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு போனை எடுத்துப் போட்டுவிட்டான். அண்ணன் "என்னமோ பண்ணுங்க" என்று சொல்லிக் காப்பியைக் குடித்தான்.

"பொங்கல் கொள்முதலுக்கு டிக்கெட் பார்க்கட்டுமா அத்தை?" என்று கேட்டான் பிள்ளை. "எந்த விமானம், பாலம் வருமா வராதான்னு விசாரிச்சுட்டுப் போடுறேன்."

"விசாரிக்கவெல்லாம் வேண்டாம். எது வந்தாலும் போடு, நான் ஏறிக்கிறேன்."