பீரோவுக்குள் பத்திரமாக இருந்த நாய் டேக்

நாய், பூனைக்குத் தீனி விற்கும் தொழிலில் ஒரு நிம்மதி உண்டு: தின்கிறவர்கள் யாரும் கடைக்கு வந்து குறை சொல்வதில்லை. வம்பெல்லாம் கூட வருகிறவர்களோடுதான். கோவை ஆர்.எஸ்.புரத்தில் கடை போட்ட நாளிலிருந்து தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்கிறேன், நாயின் கழுத்தில் போன் நம்பர் அடித்த டேக் ஒன்றை மாட்டுங்கள் என்று. நாய் வளர்த்து அவதிப்படும் அன்பர்களே, உங்கள் நாயைவிடப் பிடிவாதக்காரர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

டேக்கா, கல்யாணப் பத்திரிகையா?

டேக் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். பெரியவர் ஒருவர் அதில் தன் இனிஷியல், பேர், படிப்பு, ரிட்டயரான பதவி, தோட்டத்தின் பேர் எல்லாம் வரவேண்டும் என்றார். அவருடைய நாய் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டது.

"போன் நம்பருக்கே இடமில்லைங்களே. நாய் பேரும் விட்டுப்போச்சுங்களே" என்றேன்.

"அது பேரு அதுக்குத் தெரியுமுங்க அம்மணி. எம்பேருதான் ஊருக்குத் தெரியோணும்!"

வெள்ளியில் ஒன்று

சரஸ்வதியக்கா எங்கள் தெருக்காரர். மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் அக்காவும் டைகரும் மட்டும்தான். காலையில் பேப்பர் செய்தியிலிருந்து ராத்திரி முட்டிவலி வரைக்கும் அக்கா சொல்லி அழுவது டைகரிடம்தான்.

நான் காட்டிய டேக்கைத் தகரம் என்று ஒதுக்கிவிட்டு, நகைக்கடையில் சொல்லி வெள்ளியிலேயே செய்து, நம்பரும் வெட்டி வாங்கிவந்தார். சும்மா சொல்லக்கூடாது, டைகருக்கு மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது. அடுத்த முறை பார்த்தால் கழுத்தில் டேக் இல்லை. எங்கே என்று கேட்டேன்.

"வெள்ளியாச்சே கண்ணு, எவனாச்சும் அத்துட்டுப் போயிட்டா? பீரோவுல வெச்சுப் பூட்டிப்போட்டேன். விசேசத்துக்கு மாட்டிக்கலாம்!"

விசேஷம் வந்தது

தீபாவளி காலையில் யாரோ வாசலில் சரவெடி வைக்க, டைகர் காம்பவுண்டைத் தாண்டி ஓடிவிட்டது. அக்கா தெருத்தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டே அலைந்திருக்கிறார். மறுநாள் நான் ஷட்டரைத் தூக்கும் முன்பே கடை வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது. கையில் அந்த வெள்ளி டேக். 'அன்றைக்கே சொன்னேனே' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"டைகரு எங்கயோ கிடக்குது, நம்பரு எங்கையில இருக்குது. எனக்கு யாரு கண்ணு போன் பண்ணுவாங்க?"

உக்கடத்திலிருந்து போன்

போன் வந்தது. அக்காவுக்கு இல்லை, எனக்கு.

"ஏனுங்க, உங்க நாய் எங்க கடையில இருக்குதுங்க" என்றார் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். நான் விற்கும் கழுத்துப் பட்டைகளின் உள்பக்கம் விளம்பரத்துக்காக என் கடைப் பேரும் நம்பரும் அச்சடித்திருப்பேன். அதைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். அக்காவைப் பார்த்ததும் டைகர் பாய்ந்த வேகத்தில் பெஞ்சே சாய்ந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அக்கா வீட்டில் டைகருக்கு மூன்று வேளையும் தயிர்ச்சோறுதான். அது தெரியாத பாய் வெகுளியாகச் சொன்னார்: "முட்டை பப்ஸுன்னா உசுருங்க. தயிரைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்குதுங்க!"

தகரமே போதும்

திரும்பும் வழியில் அக்கா ஆட்டோவை என் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். டைகரை மடியிலிருந்து இறக்கவே இல்லை. நான் வெள்ளி டேக்கை மாட்டலாம் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"இது பீரோவுலயே கிடக்கட்டும். அந்தத் தகரத்துல நம்பர் அடிச்சுக் குடு. குளிப்பாட்டறப்பக்கூடக் கழட்ட மாட்டேன், கண்ணு."

இத்தனை வருஷத்தில் நான் வாயால் பேசி விற்ற டேக்குகளைவிட, ஓடிப்போன நாய்கள் எனக்கு விற்றுத் தந்தவைதான் அதிகம்.