துப்பாக்கித் துளையில் நின்ற மாதா

காலை ஏழேகாலுக்கு மரக்காணத்தில் இறங்கினேன். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். வழியெல்லாம் தூங்கிவிட்டதால் வழியைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. உப்பளத்து ஓரத்தில் வெள்ளைக்காரர் காலத்து வீடு ஒன்றையும், அதையொட்டி இரண்டாம் உலகப் போரின்போது கட்டிய காவல் அரணையும் தோண்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தேன். ஆட்டோக்காரரிடம் “தோண்டுற பங்களா” என்றேன்.

“எந்த பங்களா சார்? தொரை பங்களாவா, மிலிட்டரி பங்களாவா, மாதா பங்களாவா?”

“மூணும் வேற வேறயா?”

“ஒரே எடந்தான் சார். கேக்கறவங்களப் பொறுத்து பேரு மாறும்.”

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான்கு கிலோமீட்டருக்கு நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, மண்பாதை முடிந்த இடத்தில் இறக்கி, மிச்சத்தை வரப்பில் நடக்கச் சொன்னார். போகும்போது கூப்பிடச் சொல்லி நம்பரும் கொடுத்தார். இருபுறமும் உப்புப் பாத்திகள், கண் கூசும் வெளிச்சம். கடல் எந்தப் பக்கம் என்றே மறந்துபோனது.

எட்டரை மணிக்குக் குழியருகே போய்ச் சேர்ந்தேன். அகழாய்வை நடத்தும் கவிதா, தலையில் துண்டு கட்டியிருந்தார். வரச் சொல்லியிருந்தவரும் அவர்தான். உப்பு அதிகாரி ஒருவர் குடும்பத்தோடு வாழ்ந்த வீடு என்று அடித்தளத்தைக் காட்டினார். தட்டில் பீங்கான் கோப்பைத் துண்டுகள், மருந்துப் புட்டிகள். வராந்தா என்று அவர் காட்டிய இடத்தின் நடுவே அரணின் கான்கிரீட் சுவர் ஓடியது. அரணின் தரையிலோ வீட்டுச் செங்கல். நான் விழித்தேன்.

“சண்டை வந்ததும் வீட்ட இடிச்சு அரண் கட்டியிருக்காங்க. சண்டை முடிஞ்சதும் உப்பளத்துக்காரங்க அரண ஒடைச்சு வரப்புக்குக் கல் எடுத்துட்டுப் போயிட்டாங்க. எது எதோடதுன்னு எனக்கே சில நாள் தல சுத்துது சார்” என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இடியாமல் மிஞ்சியது ஒரே ஒரு தாழ்ந்த கான்கிரீட் அறை. கடலைப் பார்த்துச் சுவரில், துப்பாக்கியை நீட்டிச் சுடுவதற்கான அகலமான துளை. அந்தத் துளையில், மூக்கு நுனி உடைந்த மாதா சிலை ஒன்று நின்றது. காலடியில் கெட்டியான வெள்ளைப் படிவு. சுண்ணாம்பு என்று நினைத்துத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

பத்து மணிவாக்கில் பக்கத்துப் பாத்தியில் வேலை செய்யும் பிலோமினா கூடையோடு வந்தார். மழை ஓய்ந்து, இந்த ஆண்டின் முதல் உப்பை வாரியது அன்றுதான். கோயிலுக்குப் புது மாதா வந்தபோது பழைய சிலையை இங்கே கொண்டுவந்து வைத்தவர் அவருடைய கணவர் அந்தோணி. அது முதல் ஆண்டுதோறும் முதல் உப்பு மாதாவின் காலடிக்குத்தான். அந்தோணி இப்போது இல்லை. இந்து முஸ்லிம் என்று பாராமல் கூட வேலை செய்பவர்களும் ஒரு பிடி வைப்பார்களாம்.

கவிதா அவரைத் தடுத்தார். “அக்கா, இன்னைக்கு வேணாம். கூர விரிசல் விட்டுடுச்சு. மதியத்துக்குள்ள மாதாவ வெளிய எடுத்தாகணும்.”

“ஏன் மேடம்? இத்தன வருசமா நின்ன கூரதான?”

கவிதா தயங்கினார். பிறகு துளைக்குக் கீழே பெயர்ந்த கான்கிரீட்டுக்குள் விரலை விட்டு, துருப்பிடித்த கம்பித் துண்டைக் கிள்ளி எடுத்தார். அது பொரி மாதிரி நொறுங்கியது. “இங்க மட்டுந்தான் இவ்ளோ மோசம். நீங்க வச்ச உப்புதான் அக்கா கம்பியத் தின்னுடுச்சு.”

“நாங்க குடுத்தது மாதாவுக்கு. கம்பிக்கு இல்ல” என்றார் பிலோமினா கோபமாக. பிறகு குரல் இறங்கியது. “அப்ப அவரு செஞ்சது தப்பா?”

கவிதா விரலில் ஒட்டிய துருவைத் துடைத்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடலைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன். எனக்கு வருத்தமாக இருந்தது. யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

சிலையைத் தொட யாரும் முன்வரவில்லை. பிலோமினாவே தோளைக் கொடுத்துத் தூக்கினார். நான் அடியைப் பிடித்தேன். கோயிலுக்குக் கொண்டுபோகலாமே என்றேன்.

“அங்க எடம் இல்லன்னுதான சார் இங்க வந்தாங்க” என்றார்.

பன்னிரண்டு மணிக்கு அதே ஆட்டோ வந்தது. பின் இருக்கையில் பிலோமினா மடியில் மாதா, காலடியில் உப்புக் கூடை. முன்னே ஓட்டுநரோடு ஒட்டிக்கொண்டு நான். “இனிமே மாதா பங்களான்னு கேட்டா எங்க சார் எறக்கறது?” என்றார் ஓட்டுநர். யாரும் சிரிக்கவில்லை.

பிலோமினாவுடையது ஒற்றை அறை வீடு. சிலையை வைக்க அங்கே ஒரே ஓர் உயரமான இடம்தான் இருந்தது: அந்தோணியின் வேட்டி சட்டைகளை வைத்திருக்கும் இரும்பு ட்ரங்குப் பெட்டி. மாதாவை அதன்மேல் நிறுத்தினோம். பிலோமினா பழக்கத்தில் கூடையிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளிக் குனிந்தார். பெட்டியைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது.

“வைக்கலாமா சார்?”

என் வீட்டில் உப்பு பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது. அதைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. “வைங்கம்மா” என்றேன். அவர் வைத்தார்.

சரியாகத்தான் சொன்னேனா என்று தெரியவில்லை. வரும்போது தூங்கியவன், போகும்போது கண்ணே மூடவில்லை.