துக்க வீட்டு ஆன்டெனா

அடைக்கலராஜின் மனைவி ரோசம்மாள் இறந்த அன்று யாரோ ஒரு உறவுக்காரப் பெண் டி.வி.யின் மேல் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திவிட்டுப் போனாள். திருச்சி வரகனேரியில் அதுதான் வழக்கம். சாவு விழுந்த வீட்டில் ஆண்டு பூசை முடிகிறவரை ரேடியோ பாடக் கூடாது, டி.வி. போடக் கூடாது. முப்பதாம் நாள் பூசை வரைக்கும் அடைக்கலராஜ் துப்பட்டியைத் தொடவில்லை. அதற்கு மறுநாள் சாயங்காலம் கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்திவிட்டுத் துப்பட்டியை எடுத்தார்.

கம்பெனிப் பெயர் இல்லாத பெட்டி அது. பொன்மலை ரயில்வே பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஸ்ரீரங்கத்தில் உதிரிகள் வாங்கி டி.வி. சேர்த்துக் கொடுக்கும் அழகர்சாமியிடம் சொல்லி வைத்துச் செய்தது. சேனல் குமிழைத் திருப்பினால் ஆட்டோ மீட்டர் மாதிரி கடகடவென்று சத்தம் வரும். சூடேறிய பிறகு படத்தின் மேல் ஓரம் லேசாக வளையும். மனிதர்களின் நெற்றி கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதுவும் பழகிவிட்டது.

அப்போது திருச்சியில் பார்க்கக் கிடைத்தது இலங்கையின் ரூபவாஹினி ஒன்றுதான். கடல் தாண்டி வரவேண்டிய படம் என்பதால் மொட்டை மாடியில் இரண்டு பைப்பை ஒட்டவைத்து உயரமாக நட்டு, நுனியில் ஆன்டெனாவையும் பூஸ்டரையும் மாட்டியிருந்தது. "பின்பக்கம் மலைக்கோட்டையைப் பார்க்கணும் சார், அதான் கணக்கு. மிச்சம் நூலளவு திருப்பிப் பார்த்துக்குங்க" என்று அழகர்சாமி சொல்லியிருந்தார்.

அந்த நூலளவுக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே பைப்பைத் திருப்ப, ஒருவர் கீழே டி.வி. முன்னால் நின்று கத்த. ரோசம்மாள் கத்தினால் தெருக்கோடி மசூதி வரை கேட்கும். "வருது... வருது... போச்சு! எங்க போறீங்க, திரும்பி வாங்க!" தெருவில் போகிறவர்கள் நின்று சிரிப்பார்கள். மாடியில் கைப்பிடிச் சுவர் கிடையாது. அவர் ஓரத்துக்குப் போய்விடுவாரோ என்கிற பயத்தில் பாதிப் படம் வந்ததுமே, "வந்துருச்சு, எறங்குங்க" என்று பொய் சொல்லிவிடுவாள். இறங்கி வந்து பார்த்துவிட்டுத் திட்டுவார். மறுபடி ஏறுவார். தமிழ்ப் படம் போடுகிற நாட்களில் பக்கத்து வீட்டு ஜஹானாராவும் அவள் பிள்ளைகளும் வந்து முன்கூடத்தில் பாய் விரித்துவிடுவார்கள்.

இப்போது யாரும் வருவதில்லை. ஒரே மகள் கன்னியர் மடத்தில் சேர்ந்து ராஞ்சியில் இருந்தாள். அடக்கத்துக்கு வந்துவிட்டு மூன்றாம் நாளே போய்விட்டாள். பால்காரன் பாலை ஊற்றிவிட்டுத் தலையாட்டிப் போவான். கோயிலில் பாதர் தோளைத் தொடுவார். மற்றபடி நாளெல்லாம் அவர் வாயைத் திறக்கத் தேவை இருக்கவில்லை.

ஆகவே சாயங்காலமானால் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு டி.வி. பார்த்தார். சத்தமில்லாத பிறகு சிங்களமென்ன, தமிழென்ன. செய்தி வாசிக்கும் பெண் நேராகப் பார்த்துப் பேசினாள். அவ்வளவு நேரம் அவரைப் பார்த்துப் பேசுகிற ஆள் வேறு யாருமில்லை. அவள் குனிந்து தாளைப் புரட்டும்போது அவரும் தட்டில் இருக்கும் சோற்றைப் பிசைவார். நிமிர்ந்ததும் கையை நிறுத்திக்கொள்வார்.

ஆடிக் காற்று வந்தது. ஒரு நாள் பகல் முழுக்க அடித்தது. சாயங்காலம் டி.வி.யைப் போட்டபோது திரையில் புள்ளிகள்தான் இருந்தன.

மாடியேறிப் பார்த்தார். ஆன்டெனாவின் பின்பக்கம் மலைக்கோட்டையை விட்டு விலகி ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. கிளாம்பைத் தளர்த்தி, பைப்பைக் கட்டிப் பிடித்துத் திருப்பினார். இறங்கிப் போய்ப் பார்த்தார். இல்லை. ஏறினார். கொஞ்சம் திருப்பினார். இறங்கினார். யாரோ நடந்து போகிற நிழல் மாதிரி ஒன்று தெரிந்து மறைந்தது. நூலளவு, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மூச்சு வாங்கியது.

மறுநாள் சவரக் கண்ணாடியைக் கொண்டுபோய்ப் பின்கதவில் சாய்த்து வைத்தார். படிக்கட்டின் உச்சியிலிருந்து பார்த்தால் திரை தெரிய வேண்டும். டியூப்லைட்தான் தெரிந்தது. யாரையாவது கூப்பிடலாம். ஆனால் கூப்பிட்டால் அந்த ஆள் கீழே நின்று கத்த வேண்டும். வருது, போச்சு என்று ஒரு குரல் கேட்டால் போதும், ஐந்து மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு அடைக்கலராஜ் என்ன செய்கிறார் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பெண்டாட்டி போன துக்கம் இவ்வளவுதானா என்பார்கள். அப்படி நினைத்தாலே அவருக்குக் காது சுட்டது.

ரூபவாஹினி ஆரம்பிப்பதே சாயங்காலம்தான். தெருவெல்லாம் வாசலில் இருக்கிற நேரம். மூன்றாம் நாள் அவர் மாடியில் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, காய்ந்த துணியை எடுக்க ஜஹானாரா தன் மாடிக்கு வந்தாள்.

"என்னண்ணே, பைப்பைக் கட்டிப் புடிச்சிட்டு நிக்கிறீங்க? காத்துல பறந்துராம இருக்கவா?"

"சும்மாத்தாம்மா."

"நான் வேணா கீழ போயிப் பாக்கவா? வருதா வரலையான்னு கத்துறேன்." அவள் சிரித்தாள். கேலியா, உண்மையாகவே கேட்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. கீழே வாசல்களில் இரண்டு மூன்று முகங்கள் நிமிர்ந்தன.

"பாக்கறதுக்கு என்ன இருக்கு. கழட்டப் போறேன்" என்றார். அந்தக் கணம் வரை அவர் நினைத்தே பார்க்காதது. "துக்க வீட்டுல இது எதுக்கு நட்டுக்கிட்டு நிக்குது."

ஜஹானாராவின் சிரிப்பு நின்றது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்கண்ணே, வெளாட்டாக் கேட்டுட்டேன். எங்க அத்தா மௌத்தானப்ப நாங்களும் ரேடியோவ அலமாரில வச்சுப் பூட்டிட்டோம். இருங்க, ஒண்டியா எறக்காதீங்க. ஏங்க! இங்க வாங்க, அடைக்கலண்ணன் கம்பத்த எறக்குறாரு!"

இப்போது தெருவே கேட்டது.

அவள் புருஷன் அப்துல் சலாம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பேனரோடு வந்தான். "சந்தனக்கூடு முடிஞ்சு கொடி எறக்குற மாதிரி இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவர் முகத்தைப் பார்த்தான். கிளாம்புகளைக் கழற்றினார்கள். பூஸ்டர் ஒயர் பைப்போடு இறுகிக் கிடந்ததால் அறுக்க வேண்டியிருந்தது. "அறுத்துரட்டுமாண்ணே?" என்றான்.

"அறு."

பைப்பைச் சாய்த்து மாடியில் கிடத்தியபோது கீழே ஒரு பெண் குரல், "மனுஷன்னா இப்படில்ல இருக்கணும்" என்றது. அப்துல் சலாம் துரு படிந்த கையைத் துடைத்துக்கொண்டான். "ஆண்டு பூசை ஆகட்டும். நானே வந்து ஏத்தித் தரேன்" என்று சொல்லிப் போனான்.

ஜஹானாரா துணி மூட்டையோடு இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"நல்லதாப் போச்சுண்ணே. பிள்ளைங்க ஒரே தொணதொணப்பு. மாமா எப்ப டி.வி. போடுவாரு, எப்ப டி.வி. போடுவாருன்னு. நானே ரெண்டு தடவ அதுங்கள இழுத்துக்கிட்டு உங்க வாசல் வரைக்கும் வந்துட்டேன். கதவு சாத்தியிருந்துச்சு. தட்டுனா என்ன நெனப்பீங்களோன்னு திரும்பிட்டேன்."

"எப்ப?"

"பரீட்ச லீவுல. அப்புறம் போன மாசம் ஒரு தடவ. தட்டியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் அறுந்த ஒயரின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் தட்டல" என்றாள் அவள். "இனிமே கேக்க மாட்டாங்க. கம்பமே இல்லையே." அவள் இறங்கிப் போனாள்.

ஆன்டெனாவை மாடியில் விட்டால் காக்கை உட்கார்ந்து கெடுக்கும். அதைப் பைப்பிலிருந்து கழற்றி, தோளில் சாய்த்து மெல்லப் படியிறங்கினார். வாசலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் கும்பிடக்கூடச் செய்தார். உள்ளே கொண்டுபோய் வைக்க இடம் தேடினார். சுவரில் சாய்த்தால் பாதை அடைத்தது. கட்டிலுக்கு அடியில் செருகினார். பெரிய கம்பி ஒன்று மட்டும் உள்ளே போக மறுத்து, நடுக்கூடத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. காலால் தள்ளிப் பார்த்தார். வளைந்து மறுபடி வெளியே வந்தது.

தெருவில் விளக்குப் போட்டுவிட்டார்கள். அவர் கம்பியைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு எதற்குச் சாத்தினோம் என்று யோசித்து, திறந்துவிட்டு, அதற்கருகிலேயே நின்றார்.