பெரும்பாறை ஆரஞ்சு மரங்களும் நான் அடுக்கச் சொன்ன விறகும்

சென்ற ஆனியில் பெரும்பாறைக்குப் போய்வந்தேன். காற்று வாங்க அல்ல. என் கணவர் வைத்துவிட்டுப் போன நாற்பது ஆரஞ்சு மரங்களில் பதினேழு பட்டுப்போனதாகத் தகவல் வந்தது. தோட்டக்காரன் கருப்பையாவை வேலையைவிட்டு அனுப்பிவிடுவது என்று தீர்மானித்துத்தான் புறப்பட்டேன்.

மதுரையில் காலை ஆறு மணிக்குப் பஸ். வத்தலக்குண்டுக்குப் பன்னிரண்டு அணா. அங்கிருந்து அய்யம்பாளையத்துக்கு எட்டு மைல் மாட்டுவண்டி, ஒரு ரூபாய். மேலே ஏழு மைல் ஏற்றம். ஆள் தூக்கிப்போகும் டோலி வேண்டாம் என்றேன்.

"இந்த வயசுல நடக்கிறீங்களாம்மா? பாதியில உக்காந்துட்டா என் மாடு மலையேறி வராதுங்க," என்றார் வண்டிக்காரர்.

நாலரை மணி நேரத்தில் ஏறிவிட்டேன். நடுவில் உட்கார்ந்ததை அவரிடம் சொல்லவில்லை.

மரங்களைப் பார்த்ததும் மனம் கலங்கியது. கொழுந்துகள் கருகித் தொங்கின. கிளைகளில் சிறு துளைகள். அவற்றின் கீழே ரவைபோல மரத்தூள். ஒவ்வொரு மரத்தடியிலும் வெட்டிய குச்சிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

கருப்பையா அதில் ஒன்றை எடுத்து அரிவாளால் பிளந்தான். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது.

"வெட்டுனாலும் சாகாதும்மா, உள்ளயே கெடக்கும். கோடை மழைக்கு வண்டாப் பறந்து மறுபடியும் மரத்துலதான் முட்டை வைக்கும்."

"தெரிஞ்சுமா எரிக்காம வச்சிருக்க?"

அவன் மனைவி மாரியம்மா முன்னால் வந்தாள்.

"போன வருசம் எரிக்கத்தான் போனாரு. அன்னைக்குன்னு பாத்து உங்க காயிதம் வந்துச்சு. ஒரு குச்சியும் வீணாகக் கூடாது, மரத்தடியிலேயே விறகா அடுக்குன்னு எழுதியிருந்தீங்களாம். கடைக்கார ராவுத்தர்தான் வாசிச்சாரு. எழுத்து முத்து முத்தா இருக்குன்னாரு."

"ஏய், சும்மா கெட," என்றான் கருப்பையா.

எழுதியது நினைவுக்கு வந்தது. எதையும் வீணாக்காதே என்பது கான்வென்ட்டில் படிந்த பழக்கம். மதுரையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி மலைக்கு உத்தரவு போட்டிருக்கிறேன்.

"தப்பு என்னுதுதான்," என்றேன். ஏழு மைல் ஏற்றத்தைவிட அது கடினமாக இருந்தது.

"அப்ப எரிச்சிரலாங்களா?" என்றான் கருப்பையா.

"வெரசா."

மறுநாள் மாலைவரை எரித்தோம். மிச்சமிருந்த இருபத்துமூன்று மரங்களில் துளை கண்ட இடமெல்லாம் கம்பியை விட்டுப் புழுவை இழுத்தெடுத்து, களிமண்ணால் அடைத்தோம். மூன்று மரங்களுக்கு நானே செய்தேன். கருப்பையாதான் தோட்டத்தை இன்னும் பார்க்கிறான்.

போகிறவர்கள் வெள்ளனே ஏறத் தொடங்குங்கள்; கம்பளி அவசியம். மலையில் தோட்டம் உள்ளவர்கள், காய்ந்த கொழுந்தை வெட்டிய அன்றே எரித்துவிடுங்கள். தோட்டக்காரனை நீக்கப் புறப்படுமுன், அவனுக்கு நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.