ஒட்டியவர் ஜெயசீலி

போன செவ்வாய்க்கிழமை காலை, பழைய கணக்குப் பிரிவு நண்பர் போனில் அழைத்தார். "சார், நம்ம ஜெயசீலி மேடம் போயிட்டாங்கங்க" என்றார். ஆறு மாதமாக எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் கையில் இருந்த காப்பி ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் பம்பு கம்பெனியில் வேலை பார்த்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் அவர் ஒருவர்தான் பொறுப்பு. ஏதாவது நின்றுபோனால் பதறாமல் வருவார். "மொதல்ல ஒயரப் பாருங்க, அப்புறம் சாமியக் கும்புடுங்க" என்பார். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர் இதைச் சொல்வதுதான் வேடிக்கை.

வெளிநாட்டுக் கடிதங்களைக் கவனித்தவன் என்பதால் கம்பெனியின் ஒரே லேப்டாப் என்னிடம் இருந்தது. இன்றைக்கு வீட்டு வாசலில் நுழைந்ததுமே லேப்டாப் தானாக வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொள்கிறது. அன்றைக்கு அந்தச் சொகுசு இல்லை. ஆபீசில் கேபிளைச் செருகி, அந்த லேப்டாப்புக்கென்று ஒதுக்கிய எண்ணைத் தட்டவேண்டும். துடியலூர் வீட்டில் அந்த எண்ணை அழித்துவிட்டு டெலிபோன் ஒயர் வழியாகப் போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் அணைத்துப் போடவேண்டும். எண்ணை மறந்துவிடுவேன் என்று ஜெயசீலி அதைச் சீட்டில் எழுதி லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்தார். பக்கத்து மேசையில், எல்லாக் கம்ப்யூட்டரையும் இணைக்கும் சர்வருக்கும் அதன் எண்ணோடு அதேபோல ஒரு சீட்டு. இரண்டு மிசினுக்கு ஒரே எண் வந்தால் எல்லாம் நின்றுவிடும்.

ஒரு வருடம் ஆயுத பூசைக்கு முந்தின நாள் எல்லாரும் அவரவர் மிசினைத் துடைத்தோம். நான் ஆர்வக்கோளாறில் ஈரத்துணியால் லேப்டாப்பையும் சர்வரையும் சேர்த்தே துடைத்தேன். சீட்டு இரண்டும் கையோடு வந்துவிட்டன. காயவைத்து மறுபடி ஒட்டினேன்.

பூசைக்கு வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. எனக்கோ வெளிநாட்டிலிருந்து ஒரு பதில் வரவேண்டியிருந்தது. பூசையன்று சாயங்காலம் யாரும் பார்க்காத நேரத்தில், பொட்டும் பூவுமாக இருந்த லேப்டாப்பைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

விஜயதசமி காலையில் முதல் ஆளாக வந்து, சீட்டைப் பார்த்து எண்ணைத் தட்டினேன். பிறகுதான் சர்வரைப் போட்டார்கள். அவ்வளவுதான், ஆபீசில் ஒரு கம்ப்யூட்டரும் இன்னொன்றோடு பேசவில்லை. கொச்சி துறைமுகத்துக்குப் போகவேண்டிய லாரி வாசலில் நிற்கிறது, பில் அடிக்க முடியவில்லை. முதலாளி உள்ளே வந்தார். "நல்ல நாளு அதுவுமா இப்படி நிக்குதே! பூசைக்கு வெச்சத யாராச்சும் தொட்டீங்களா?" என்றார். வேலை போனது என்றே முடிவுகட்டினேன்.

ஜெயசீலி ஒவ்வொரு மேசையாகப் பார்த்து வந்து, என் லேப்டாப்பைத் திருப்பினார். கேபிளைப் பிடுங்கினார். சர்வரை அணைத்துப் போட்டதும் எல்லாம் ஓடியது.

"ரெண்டுக்கும் ஒரே நெம்பர் ஆயிருச்சுங்க. சீட்ட மாத்தி ஒட்டுனது நாந்தானுங்க" என்றார் முதலாளியிடம்.

எல்லார் முன்னாலும் அவருக்குத் திட்டு விழுந்தது. சென்னையில் ஒரு மாதப் பயிற்சிக்கு அவரை அனுப்புவதாக இருந்ததும் நின்றுபோனது. ஒட்டியவன் நான். பேசாமல் நின்றவனும் நான். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நான்கு மாதத்துக்கு முன்பு, உடம்பு முடியாமல் இருந்தவரைப் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார். இனியும் தள்ளினால் நான் மனுசனே இல்லை என்று தோன்றியது. "அம்மணி, அந்தச் சீட்ட மாத்தி ஒட்டுனது நான். எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏனுங்க சார், நீங்க ஒட்டுன ரெண்டும் தொடச்ச அன்னைக்குச் சாயங்காலமே தரையில உழுந்து கெடந்துதுங்க. கூட்டிக் குப்பையில போட்டுப்போட்டு, நாந்தான் புதுசா எழுதி ஒட்டுனேன். அவசரத்துல மாறிப்போச்சு. நெசத்தத்தானுங்க சொன்னேன்."

"அந்தச் சென்னைப் பயிற்சி?"

"அப்பப் பெரியவன் வயித்துல மூணு மாசம். வாந்தியோட எப்படி மெட்ராஸ் போறதுன்னு அழுதுட்டு இருந்தேன். கர்த்தர் காப்பாத்துனாருன்னு இருந்துச்சுங்க."

"நான் லேப்டாப்ப எடுத்துட்டுப் போனது?"

"அது தெரியுமுங்க. ஆனா என்னைய யாரும் கேக்குலீங்களே." சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். "இத்தன வருசமாவா இதத் தூக்கிட்டுத் திரிஞ்சீங்க? அப்பவே ஒரு வார்த்த கேட்டிருந்தா ஆகாதுங்களா?"

மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸில் திரும்பும்போது, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு லேசாக இருந்தது.

அடக்கத்தன்று அழுதேன். ஒரு நல்ல தோழி போய்விட்டாரே என்ற அழுகை மட்டும்தான் அது. உள்ளுக்குள் உறுத்தல் எதுவும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இருமலுக்கு நடுவே வந்த அந்தச் சிரிப்பைத்தான். அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்த அஞ்சலியை ஒரு குற்றவாளி எழுதியிருப்பான். இப்போது அவருடைய நண்பன் எழுதுகிறேன்.